உடன் வருபவர்

செப்டம்பர் 3

காலையில் மோட்டார் ஓடவில்லை. காயில் எரிந்துவிட்டது என்றார் எலக்ட்ரீஷியன். கீழ்வீட்டுக் குழாயில் எட்டுக் குடம் தூக்கிவிட்டு ஆபீஸ் போய்ச் சேரப் பத்தேகால்.

போனதும் மின்னஞ்சல். கோயம்புத்தூர் மருத்துவ மாநாட்டுக்காரர்கள் கடைசியில் இறங்கி வந்துவிட்டார்கள். ஆராய்ச்சியில் எங்களோடு சேர்ந்து வேலை செய்யும் நோயாளிகளுக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. ரயில் டிக்கெட்டை அவர்களே முன்கூட்டி எடுத்துத் தருவார்கள். தங்க அறை, சாப்பாடு, வேலைக்குப் போகாத நாட்களுக்குக் கூலி. மூன்று மாதத்தில் ஐந்து கடிதம் எழுதினேன். 'முதலில் செலவு செய்யுங்கள், பில் அனுப்பினால் தந்துவிடுவோம்' என்றே திரும்பத் திரும்பப் பதில் வந்தது. பரோட்டா மாஸ்டர் ஒருவரால் கைக்காசைப் போட்டுவிட்டு ஆறு வாரம் காத்திருக்க முடியாது என்று கடைசிக் கடிதத்தில் கொஞ்சம் காட்டமாகவே எழுதியிருந்தேன்.

எங்கள் ஆய்வை நடத்தும் டாக்டர் சாலமோன் என் மேஜைக்கே வந்து, "நல்ல வேலை செண்பகம்" என்றார். பதினொரு வருடத்தில் இப்படிச் சொல்வது மூன்றாவது தடவை.

செப்டம்பர் 5

சுடலைமுத்து அண்ணாச்சி வந்திருந்தார். விஷயத்தைச் சொன்னேன். "நோயாளிப் பங்காளி" என்று கடிதத்தில் இருந்ததை வாசித்துக் காட்டினேன்.

"பங்காளின்னா வரப்புச் சண்டைல்லா மேடம் ஞாபகத்துக்கு வருது. வேற பேரு இல்லையா?"

"கூட்டாளின்னு வச்சுக்கிடுவோமா?"

"அது பரவால்ல. கூட்டாளின்னா டீயாவது வாங்கிக் குடுப்பான்."

வாங்கிக் கொடுத்தேன். சர்க்கரை இல்லாமல்.

அண்ணாச்சிக்கு ஐம்பத்தேழு வயது. மேலப்பாளையத்தில் ஓர் ஓட்டலில் பரோட்டா மாஸ்டர். இருபது வருடச் சர்க்கரை. இரண்டு பாதத்திலும் உணர்ச்சி இல்லை. மூன்று வருடத்துக்கு முன்னால் இடது காலில் சுண்டுவிரலை எடுத்தாயிற்று. இப்படிப்பட்டவர்களுக்காக மெத்தென்ற ரப்பர் வைத்த நீலச் செருப்பை நாங்கள் இருநூறு பேருக்கு இலவசமாகக் கொடுத்து ஆய்வு நடத்தினோம். வீட்டுக்குள்ளும் போட வேண்டும் என்று சொல்லி அனுப்பினோம். முக்கால்வாசிப் பேர் போடவில்லை. கனமாக இருக்கிறதா, வியர்க்கிறதா என்று நாங்கள் கேள்வித்தாளாக அடித்துத் தள்ளிக்கொண்டிருந்தபோது அண்ணாச்சிதான் ஒரு கூட்டத்தில் எழுந்து சொன்னார்: "தெருவுல போட்ட செருப்ப வீட்டுக்குள்ள போட்டா எவ வீட்டுல சோறு கிடைக்கும்? உள்ள போட இன்னொரு ஜோடி குடுங்க. வேற கலர்ல குடுங்க. அது வாசப்படி தாண்டாதுன்னு பொம்பளைகளுக்குத் தெரியணும்."

காவி நிறத்தில் இன்னொரு ஜோடி கொடுத்தோம். போடுகிறவர்கள் இரண்டு மடங்கானார்கள். அதைச் சொல்லத்தான் அவர் கோயம்புத்தூர் போகப் போகிறார்.

செப்டம்பர் 12

விண்ணப்பத்தை நிரப்பினேன். இரண்டாம் பக்கத்தில் ஓர் இடம்: 'உடன் வருபவர் ஒருவர் - பெயர், வயது, உறவு.' அவருக்கும் டிக்கெட், அறை, சாப்பாடு உண்டு.

ஒப்பந்த ஊழியர்களுக்கு மாநாட்டுச் செலவு தரும் வழக்கம் எங்கள் மருத்துவமனையில் இல்லை. ஒன்பது கட்டுரைகளுக்கு நோயாளிகளை வீடு வீடாகத் தேடிப் போய் விவரம் சேகரித்திருக்கிறேன். ஒன்பதிலும் கடைசிப் பக்கத்தில், நன்றி சொல்லும் வரியில் என் பெயர் இருக்கிறது. ஒரு மாநாட்டைக்கூடக் கண்ணால் பார்த்ததில்லை.

அண்ணாச்சியின் பேச்சை ஆங்கிலத்தில் சொல்ல ஒருவர் வேண்டும். அவர் மனைவி பேச்சியம்மாள் அக்காவால் அது முடியாது. உறவினர்தான் வர வேண்டும் என்று எங்கும் போடவும் இல்லை.

என் பெயரை எழுதினேன். உறவு என்ற இடத்தில் 'ஒருங்கிணைப்பாளர்'.

மாவு பொங்கி மேடையெல்லாம் வழிந்திருந்தது. துடைக்கவே அரை மணி நேரம்.

செப்டம்பர் 19

அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன். அக்கா பீடித் தட்டை மடியில் வைத்துச் சுற்றிக்கொண்டிருந்தார். பேசும்போதும் கை நிற்காது. ஒருவர் கூட வரலாம், ஆனால் அது ஆபீஸில் இருந்துதான் என்று சொன்னேன். ஒரு வகையில் அது உண்மைதான்.

"அப்ப அவுக கால யாரு பாப்பா?" என்றார் அக்கா.

தினமும் இரண்டு வேளை, கடைக்குப் புறப்படும் முன்னும் வந்த பின்னும், அக்காதான் டார்ச் அடித்து அவர் பாதத்தைப் பார்ப்பார். உணர்ச்சி இல்லாத காலில் முள் குத்தினாலும் அவருக்குத் தெரியாது. பார்த்தால்தான் தெரியும்.

"நான் பாத்துக்கிடுதேன் அக்கா."

"நீங்க தொட்டுப் பாப்பியளா?"

"பாப்பேன்."

எப்படிப் பார்க்க வேண்டும் என்று செய்துகாட்ட எழுந்தார். "எனக்குத் தெரியும்க்கா, நாங்கதான எல்லாருக்கும் சொல்லிக் குடுக்கோம்" என்றேன். டார்ச்சை மட்டும் கொடுத்தனுப்பினார். அண்ணாச்சி சிரித்தார். "எங்கூட முப்பது வருசம் இருந்ததுக்கு இவளத்தான் டாக்டராக்கணும்."

நவம்பர் 15

ரயில். கீழ்ப் படுக்கை கேட்டு வாங்கியிருந்தேன், அது அண்ணாச்சிக்கு. புளியோதரையும் எண்ணெய்க் கத்தரிக்காயும் கட்டிக் கொடுத்திருந்தார் அக்கா, எனக்கும் சேர்த்து. டார்ச் என் கைப்பையில் இருக்கிறது. மகளுக்கு மூன்று நாள் சாப்பாட்டுக்குச் சொல்லியாயிற்று. பட்டுப்புடவை ஒன்று எடுத்து வைத்திருக்கிறேன், எதற்கென்று தெரியவில்லை.

நவம்பர் 16

எவ்வளவு பெரிய அரங்கம்.

வாசலில் கழுத்தில் மாட்ட அட்டை கொடுத்தார்கள். டாக்டர்களுக்குப் பச்சைப் பட்டை, நோயாளிகளுக்கு மஞ்சள், எனக்கு வெள்ளை. பெயருக்குக் கீழே தமிழிலும் ஆங்கிலத்திலும் 'உடன் வருபவர்' என்று அச்சடித்திருந்தது. அண்ணாச்சி எழுத்துக்கூட்டி வாசித்தார்.

"உடன் வருபவரா? நான் நீங்க ஆபீசருன்னுல்லா நினைச்சேன்."

சிரித்துவைத்தேன். பிறகு அட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டேன். அவர் அதைப் பார்த்தார்.

குத்துவிளக்கு ஏற்றினார்கள். மேடையில் ஏறியவர்களுக்குப் படியருகில் மார்பில் குண்டூசியால் சாட்டின் பூ குத்திவிட்டார்கள். திடீரென்று அண்ணாச்சி பெயரையும் கூப்பிட்டார்கள். ஐந்தாவது திரி அவர் ஏற்றியது. அரங்கமே கைதட்டியது.

பதினொரு மணிக்கு அவர் பேச்சு. "டாக்டருமாரே, நீங்க குடுத்த செருப்பு நல்ல செருப்பு. ஆனா எங்க வாசப்படியில இருந்து உள்ள அது உங்க ராஜ்ஜியம் இல்ல, எங்க வீட்டுக்காரி ராஜ்ஜியம்" என்று ஆரம்பித்தார். நான் ஆங்கிலத்தில் சொன்னதும் சிரிப்பு இரண்டாம் தடவையாக எழுந்தது. இரண்டு சிரிப்புக்கும் நடுவில் நான் நின்றேன்.

சாயங்காலம் ஏழரைக்கு அக்கா போன் செய்தார். கவலைப்பட வேண்டாம் என்று சொன்னேன்.

விருந்தில் டாக்டர் சாலமோன் என்னை இரண்டு பேராசிரியர்களுக்கு அறிமுகப்படுத்தினார். "இவர் இல்லாமல் இந்த ஆய்வே இல்லை" என்றார். பட்டுப்புடவை கட்டியது நல்லதாகப் போயிற்று.

நவம்பர் 17

இன்னும் ஆறு அமர்வுகள். அண்ணாச்சியும் எல்லாவற்றுக்கும் வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். அரங்கத்துக்கும் தங்குமிடத்துக்கும் நான்கு தடவை நடந்தோம். இரவு ரயில்.

நவம்பர் 18

ஸ்டேஷனிலிருந்து அவரை ஆட்டோவில் ஏற்றிவிட்டு வீட்டுக்கு வந்தேன். துணி ஊறவைத்துக்கொண்டிருந்தேன். எட்டு மணிக்கு அக்கா போன்.

"மேடம், வலது கால் சூடா இருக்கு. பெருவிரலுக்குக் கீழ ஒரு கறுப்புப் புள்ளி இருக்கு. அமுக்குனா சலம் வருது."

உடனே கூட்டி வரச் சொன்னேன். எக்ஸ்ரே எடுத்தார்கள். படத்தில் ஒரு குண்டூசி முழுசாக வெள்ளையாகத் தெரிந்தது. சதைக்குள் சாய்ந்து, எலும்பை ஒட்டி.

வார்டில் சேர்த்தாயிற்று. ஊசியை எடுத்துவிட்டார்கள். காய்ச்சல் நூற்றிரண்டு.

துணி அப்படியே வாளியில் இருக்கிறது.

நவம்பர் 20

ஊசி எங்கே குத்தியது என்று எல்லோரும் கேட்கிறார்கள். ரயிலாக இருக்கலாம், தங்குமிடமாக இருக்கலாம் என்று டாக்டர் சாலமோனிடம் சொன்னேன்.

அண்ணாச்சி எப்போதும் செருப்போடுதான் இருந்தார். அரங்கத்துக்குள்ளும் அறைக்குள்ளும். காவி ஜோடியையும் எடுத்து வந்திருந்தார். குளியலறைக்குக்கூட அதைப் போட்டுத்தான் போனார். இரண்டு நாளில் அவர் வெறுங்காலோடு நின்றது ஒரே இடத்தில்தான்.

எழுதிவிடுகிறேன். மேடைக்குக் கூப்பிட்டபோது படிக்குக் கீழே அவர் நின்றார். டாக்டர்கள் எல்லோரும் விளக்குக்கு மரியாதையாக ஷூவைக் கழற்றி வரிசையாக வைத்திருந்தார்கள். அவர் தன் காலைப் பார்த்தார். பிறகு அத்தனை பேருக்கு நடுவில் என்னைத் தேடிப் பார்த்தார், என்ன செய்யட்டும் என்பதுபோல. நான் விரலைக் கீழே காட்டி, கழற்றுங்கள் என்று சைகை செய்தேன்.

யோசிக்கவே இல்லை. விளக்கு என்றதும் கை தானாகப் போய்விட்டது. செருப்பைக் கழற்றாதீர்கள் என்று இருநூறு பேர் வீட்டுக்குப் போய்ச் சொன்னவள் நான். செருப்பைக் கழற்றக் கூடாது என்று பேச வந்தவரைக் கழற்ற வைத்தேன். அங்கே பாத நோய்க்காரர்களுக்கு மருத்துவம் பார்க்கும் முந்நூறு டாக்டர்கள் இருந்தார்கள். ஒருவருக்கும் உறைக்கவில்லை.

முந்நூறு பேரைச் சேர்த்துக்கொண்டால் என் பங்கு சிறிதாகிவிடும் என்று நினைத்து இதை எழுதவில்லை. ஆனால் வாசித்தால் அப்படித்தான் இருக்கிறது.

நவம்பர் 24

எலும்பில் சீழ் பிடித்துவிட்டது. இன்று காலை பெருவிரலையும் அடுத்த விரலையும், பாதத்தின் முன்பக்கம் கொஞ்சத்தையும் எடுத்தார்கள். மீதிக் கால் தப்புமா என்று பத்து நாளில் தெரியுமாம்.

அறுவை அறைக்கு வெளியே அக்கா தரையில் உட்கார்ந்திருந்தார். பீடித் தட்டு இல்லாததால் கை சும்மா இருக்க முடியாமல் முந்தானை நுனியைச் சுருட்டிச் சுருட்டி விட்டுக்கொண்டிருந்தது. நான் இட்லி வாங்கிப் போயிருந்தேன். இரண்டு சாப்பிட்டார். "ஓட்டல்ல ஆள் போட்டுட்டாவளாம்" என்றார். என்னை ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

நவம்பர் 27

கேஸ் புக் செய்தேன். மகளுக்குப் பரீட்சைக் கட்டணம் கட்டினேன். வார்டுக்குப் போகவில்லை.

டிசம்பர் 2

டார்ச்சைத் திருப்பிக் கொடுக்கவில்லை. இன்று பையில் பேனா தேடும்போது கைக்குத் தட்டுப்பட்டது. கோயம்புத்தூரில் அதை வெளியே எடுக்கவே இல்லை.

பதினாறாம் தேதி சாயங்காலம் என்ன நடந்தது என்பதை அன்று எழுதாமல் விட்டேன். விருந்துக்குப் புடவை மாற்றிக்கொண்டு அண்ணாச்சியின் அறை வாசலில் நின்றேன். கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

"கால் எப்படி இருக்கு அண்ணாச்சி?"

"ஓட்டப் பந்தயத்துக்கு விடலாம் மேடம். பாக்கீயளா?" என்று சொல்லிச் செருப்பைக் கழற்றக் குனிந்தார்.

"இருக்கட்டும் அண்ணாச்சி" என்றேன்.

கதவு திறந்திருந்தது. வராந்தாவில் ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். பட்டுப்புடவையோடு தரையில் உட்கார்ந்து ஓர் ஆண்பிள்ளையின் காலை மடியில் வைத்துப் பார்ப்பதை அவர்கள் பார்த்திருப்பார்கள். விருந்துக்கு வேறு நேரமாகிவிட்டது. இரண்டு நிமிட வேலை அது. ஊசி குத்திப் பத்து மணி நேரம்தான் ஆகியிருந்தது. தலை வெளியே தெரிந்திருக்கும், நகத்தால் பிடுங்கியிருக்கலாம்.

படி இறங்கும்போது அக்கா போன் செய்தார். "கவலைப்பட வேண்டாம் என்று சொன்னேன்" என்று எழுதியிருக்கிறேன். நான் சொன்னது அது இல்லை.

"பாத்துட்டேன்க்கா. ஒண்ணும் இல்ல."

இதுதான் சொன்னது.

டிசம்பர் 5

கால் தப்பிவிட்டது. இருப்பது இருக்கும் என்றார் டாக்டர். இனிமேல் மணிக்கணக்காகப் பரோட்டாக் கல்லின் முன் நிற்க முடியாது.

அக்கா சின்னதாகச் சிரித்தார். நான் மாடிப்படிக்குப் போய் அழுதேன். எதற்கு என்று பிரித்துச் சொல்ல முடியாது.

டிசம்பர் 12

மாநாட்டுச் செய்தி மலர் வந்தது. அட்டைப் படத்தில் அண்ணாச்சி கையில் மெழுகுவர்த்தியோடு விளக்கைப் பார்த்துக் குனிந்திருக்கிறார். 'நோயாளிகளும் நம் மேடையில்' என்று தலைப்பு. படத்தின் கீழ் ஓரத்தில் வரிசையாகக் கறுப்பு ஷூக்கள், கடைசியில் நீலச் செருப்பு ஒரு ஜோடி.

டாக்டர் சாலமோன் அதை அறிவிப்புப் பலகையில் குத்தச் சொன்னார். படி அருகில்தான் எல்லாம் நடந்தது என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம். ஊசி எடுத்துக் குத்தினேன்.

ஜனவரி 4

மாநாட்டுக் குழுவிடமிருந்து கடிதம். சாதாரண நோயாளி ஒருவரைச் செலவில்லாமல் கலந்துகொள்ள வைத்தது முன்மாதிரியாம். அடுத்த வருடத்துக்கான வழிமுறையை நானே எழுதித் தர வேண்டுமாம். கட்டுரையாக வெளியிடுவார்கள். இந்தத் தடவை என் பெயர் முதலில் வரும்.

ஞாயிற்றுக்கிழமைத் துணியெல்லாம் மடித்துவிட்டு உட்கார்ந்தேன். டிக்கெட்டை முன்கூட்டியே எடுத்துத் தர வேண்டும். கூலியைத் தர வேண்டும், அதைக் கேட்க வைக்கக் கூடாது. மேடையில் என்ன நடக்கும் என்பதை முதல் நாளே அவர்களிடம் சொல்ல வேண்டும். இவையெல்லாம் மளமளவென்று வந்தன.

'உடன் வருபவர் யார் என்பதை' என்று எழுதினேன். அதற்கு மேல் பேனா ஓடவில்லை. 'நோயாளியே முடிவு செய்ய வேண்டும்' என்று எழுத எனக்குத் தெரியும். எழுதினால் எல்லோரும் பாராட்டுவார்கள். அக்காவிடம் சொல்லாமல் அதை ஊருக்கு எழுதக் கூடாது.

ஜனவரி 11

மதியம் போனேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போது உள்ளே காவிச் செருப்பு ஒற்றையாகக் கிடந்தது தெரிந்தது. வலது காலில் கட்டு இருப்பதால் இடதுக்கு மட்டும். அண்ணாச்சி சேரில் உட்கார்ந்து டி.வி. பார்த்துக்கொண்டிருந்தார். ஓட்டல்காரர் திங்கட்கிழமை முதல் வரச் சொல்லியிருக்கிறாராம். உட்கார்ந்த வாக்கில் மாவு உருண்டை பிடிக்கும் வேலை. "மாஸ்டரா இருந்தவன் உருண்டைக்கு எறங்கிட்டேன் மேடம். இனி வீச்சுக்கு வேற ஆளு" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

அக்கா பீடித் தட்டோடு தரையில். நானும் தரையில் உட்கார்ந்தேன். டார்ச்சை எடுத்து வைத்தேன்.

"அக்கா, கோயம்புத்தூர்ல நீங்க போன் பண்ணப்போ, பாத்துட்டேன்னு சொன்னேன்ல. நான் பாக்கல."

இலையில் தூளை நிரப்பி, சுருட்டி, நூலைக் கட்டி முடித்தார். அடுத்ததை எடுத்தார்.

"தெரியும்."

"அண்ணாச்சி சொன்னாரா?"

"அவுக என்னத்தச் சொல்லுவாவ. இடது குதிங்கால்ல வெடிப்பு கெடக்கு, நாலு மாசமா. பாத்திருந்தா, 'வெடிப்பு இருக்கே, மருந்து போடவா'ன்னு கேட்டிருப்பிய. கால் பாத்தவ எவளும் அதக் கேக்காம இருக்க மாட்டா. ஒண்ணும் இல்லன்னிய. அப்பவே தெரிஞ்சுட்டு."

அன்று சாயங்காலமே தெரிந்திருக்கிறது. இரண்டு நாள், அத்தனை தூரத்தில், தெரிந்துகொண்டு இருந்திருக்கிறார்.

"ஏன்க்கா அப்பவே என்னத் திட்டல?"

"திட்டிட்டு? அடுத்த ஜோடிச் செருப்புக்கு உங்ககிட்டதான வந்து நிக்கணும்."

டி.வி. சத்தத்தை அண்ணாச்சி குறைத்தார்.

"இன்னொண்ணும் இருக்கு" என்றேன். "கூட ஒருத்தர் வரலாம்னாங்க. அது ஆபீஸ்லயிருந்து இல்ல. யார் வேணும்னாலும் வந்திருக்கலாம். டிக்கெட், தங்க இடம் எல்லாம் தந்திருப்பாங்க. நான்தான் என் பேர எழுதினேன்."

அக்காவின் கை நின்றது. இந்த வீட்டுக்கு நான்கு வருடமாக வருகிறேன். அந்தக் கை நின்று பார்த்ததில்லை.

"அப்ப நான் வந்திருக்கலாம்."

"வந்திருக்கலாம்."

அண்ணாச்சியைப் பார்த்தார். அவர் சுவரைப் பார்த்தார். அட்டையை எழுத்துக்கூட்டி வாசித்தவர். வீட்டில் வந்து அதைச் சொல்லவில்லை என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

அக்கா தட்டை இறக்கிவைத்துவிட்டு எழுந்து அடுப்படிக்குப் போனார். பாத்திரம் உருளும் சத்தம்கூட வரவில்லை. நான் போவதா இருப்பதா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். கட்டுரையை நான் எழுத மாட்டேன், அண்ணாச்சியும் அக்காவும் சொல்லச் சொல்ல எழுதி அவர்கள் பெயரில் அனுப்பலாம் என்று சொல்ல நினைத்து வந்திருந்தேன். அந்த இடத்தில் அது லஞ்சம் போலத் தோன்றியது. சொல்லவில்லை.

"டீ போட்டுருப்பா. குடிச்சிட்டுப் போங்க" என்றார் அண்ணாச்சி மெல்ல.

டீ வரவில்லை. அக்காதான் வந்தார். முகம் கழுவியிருந்தார்.

"தை மாசக் கடைசில மகளுக்குப் பிரசவம். சங்கரன்கோயில்ல நாலு நாள் இருக்கணும். இவுக கால யாரு பாப்பா?"

நான் பதில் சொல்வதற்குள் டார்ச்சை எடுத்து என் பக்கம் நீட்டினார்.

"வாங்க இங்கன."

அண்ணாச்சி இடது காலை நீட்டினார். மடியில் வாங்கிக்கொண்டேன். எதிர்பார்த்ததைவிடக் கனமாக இருந்தது. சுண்டுவிரல் இருந்த இடம் வழவழப்பாக இருந்தது. வாசல் திறந்துதான் இருந்தது. தெருவில் யாரோ சைக்கிளில் போனார்கள். உள்ளங்கையைப் பாதத்தில் வைத்தேன்.

"உள்ளங்கை வேண்டாம். வேலை செஞ்ச கைக்குச் சூடு தெரியாது. புறங்கை."

திருப்பி வைத்தேன். விரல் இடுக்கு, முன்பாதம், நடுக்குழிவு, ஓரம். குளிர்ச்சியாக இருந்தது. டார்ச்சைக் குதிங்காலுக்குக் கொண்டுபோனேன். ஒரு விரல் நீளத்துக்கு, வாய் பிளந்து, உள்ளே சிவப்பாக.

"அக்கா, வெடிப்பு இருக்கே. மருந்து போடவா?"

அக்கா பீடித் தட்டை மடியில் இழுத்துக்கொண்டார்.

"இப்பதான் பாத்திருக்கிய" என்றார்.